பதினாலாம் பாத்தியின் இரும்பு

முதுகலை படிக்கும்போது எனக்கு ஒதுக்கிய நிலம் பத்து சென்ட். பண்ணையின் கிழக்கோரம். ஒரு கம்பிவேலி, அதற்கு அந்தப் பக்கம் மண் ரோடு. அங்கே இருபத்து நாலு வகைத் தண்டுக்கீரையை விதைத்து, எது அதிகம் விளைகிறது, எதில் இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் கூடுதல் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நெல்லும் பருத்தியும் எடுத்த பையன்களுக்கு விடுதியில் ஒரு மிடுக்கு உண்டு. கீரை எடுத்தவனுக்கு அது கிடையாது. "உனக்கென்னடா, இருபத்தஞ்சு நாள்ல பட்டம் வாங்கிடுவே" என்று அறைத்தோழன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

முதல் பருவம் வெள்ளோட்டம்தான், வகைக்கு ஒரே ஒரு பாத்தி. விதையை மணலோடு கலந்து தூவினேன். கீரை விதை அவ்வளவு பொடிசு. கையில் எடுத்தால் கறுப்பாக மினுங்கும், ஊதினால் போய்விடும். ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஏக்கருக்கு ஒரு கிலோ போதும் என்பார்கள். மணல் சேர்க்காமல் தூவினால் ஓரிடத்தில் புல் மாதிரி நெருக்கி முளைக்கும், இன்னோர் இடம் வழுக்கையாகக் கிடக்கும்.

இலையைப் பறித்து, கழுவி, உலர்த்தி, அரைத்து, அமிலத்தில் கரைத்து, சோதனைக்கூடத்தில் கொடுத்தேன். முடிவு வந்தபோது பதினாலாம் பாத்தி எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டிருந்தது. இரும்பில் இரண்டாவதாக வந்த வகையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ரத்தசோகையை ஒழிக்கப் போகும் கீரைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட யோசித்தேன். சிரிக்காதீர்கள், இருபத்து மூன்று வயது.

காலையில் தாளை எடுத்துக்கொண்டு வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஓடினேன். பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"கழுவினியா?"

"கழுவினேன் சார்."

"எதுல?"

"குழாய்த் தண்ணியில சார். ஒரு தடவை."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. மிச்சத்தைச் சொன்னது பண்ணையில் களையெடுக்கும் அக்கா. "தம்பி, அந்தப் பாத்திதானுங்களே கேட்டை ஒட்டி இருக்குது? விடியால டிராக்டரு போறப்பெல்லாம் புழுதி பூராவும் அது மேலதான் வுழுகுது."

நான் அளந்தது கீரையின் இரும்பை அல்ல, மண் ரோட்டின் இரும்பை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் எவ்வளவு எளிது என்று வெட்கமாக இருக்கும். செம்மண்ணில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு இரும்பு இருப்பது சாதாரணம். கிலோவுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் மில்லிகிராம். உலர்ந்த கீரை இலையில் கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம் இருந்தால் அதிகம். அப்படியானால் நூறு கிராம் உலர்ந்த இலையில் அரை கிராம் புழுதி ஒட்டியிருந்தாலே, கிலோவுக்கு இருநூறு மில்லிகிராம் கூடுதலாகக் காட்டிவிடும். அரை கிராம் என்பது இரண்டு விரல் நுனியில் எடுக்கும் திருநீறு அளவு. அதிலும் தண்டுக்கீரை இலை தரைக்குப் பக்கத்தில் வளர்வது. மழைத்துளி தெறித்தாலே அடி இலையில் மண் பூசிவிடும்.

அப்புறம்தான் முறையாகக் கழுவக் கற்றேன். முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு முக்கு, பிறகு காய்ச்சி வடித்த நீரில் இரண்டு அலசல். இலையைக் கசக்கக் கூடாது, ஊறவிடவும் கூடாது. ஊறினால் இலைக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வர ஆரம்பித்துவிடும். காகிதத்தில் ஒற்றி, எழுபது டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்த வேண்டும். அரைக்கிற இயந்திரத்தின் கத்தியே தேய்ந்து இரும்பைக் கலக்கும் என்பதால் கல் உரலில் இடித்தேன். இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு வழி உண்டு. அதே மாதிரியில் அலுமினியமும் டைட்டானியமும் எவ்வளவு என்று பார்ப்பார்கள். செடிக்கு அவை தேவையில்லை, மண்ணில் ஏராளம். அவை அதிகமாகத் தெரிந்தால் இரும்பும் மண்ணிலிருந்து வந்ததாக இருக்கலாம். சத்து கூடிய பயிர்களைத் தேடும் ஆய்வகங்கள் பல இந்தத் துப்பைப் பார்த்துத்தான் எண்ணை நம்புகின்றன.

இரண்டாவது முறை அளந்தபோது பதினாலாம் எண் பட்டியலில் நடுவே எங்கோ ஒன்பதாவதாகவோ பத்தாவதாகவோ உட்கார்ந்திருந்தது.

என் ஒருவனுக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை இது என்பது பின்னால் தெரிந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையில் நூறு கிராம் தண்டுக்கீரைக்கு 25.5 மில்லிகிராம் இரும்பு என்று போட்டிருக்கும். திருத்திய பதிப்பில் அது 3.49. பாலக்கீரை 10.9-லிருந்து 1.14-க்கு இறங்கியது, 2017-இல் வந்த புதிய அட்டவணையில் மறுபடி மூன்றுக்குப் பக்கம். அளக்கும் முறை மாற மாற எண்ணும் இப்படி ஏறி இறங்குகிறது. ஆனால் பழைய எண் சாகவில்லை. இன்றும் வாட்ஸப்பில் சுற்றும் கீரைப் பெருமைகளில் அந்த 25.5-ஐப் பார்க்கலாம். இன்னொரு கதையும் கூடவே சுற்றும்: ஜெர்மன் விஞ்ஞானி ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்ததால்தான் பாலக்கீரைக்கு இரும்புப் புகழ் வந்தது என்று. அந்தக் கதைக்கே ஆதாரம் இல்லை என்று 2010-இல் மைக் சட்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தேடிக் காட்டினார்.

சரி, இரும்பை விடுங்கள். விளைச்சல் என்ற மற்றொரு பாதியில் குழப்பமே இருக்காது, தராசில் வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அங்கேதான் இன்னும் பெரிய சிக்கல்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களைப் பாருங்கள். கோ 1, முளைக்கீரையாகவும் தண்டுக்கீரையாகவும் பயன்படுவது. இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கினால் ஹெக்டேருக்கு ஏழெட்டு டன் வரும். கோ 2-இல் பத்து டன்னுக்குக் கொஞ்சம் மேல். கோ 3 அரைக்கீரை வகை. இதைப் பிடுங்குவதில்லை, கிள்ளுவது. இருபதாம் நாளில் ஆரம்பித்துத் தொண்ணூறு நாளுக்குள் பத்து முறை கிள்ளலாம். மொத்தம் முப்பது டன். எண்ணை மட்டும் பார்த்தால் கோ 1-ஐவிட கோ 3 நாலு மடங்கு. ஆனால் நாளைக் கணக்கில் எடுத்தால்? இருபத்தைந்து நாளில் ஏழு டன் என்பதும் தொண்ணூறு நாளில் முப்பது டன் என்பதும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். கோ 3-இன் உண்மையான பலம் வேறு: பத்து கிள்ளலிலும் வருவது இலையும் இளந்தளிருமாக இருக்கும், தண்டு குறைவு.

இந்தத் தண்டு விஷயத்தை எனக்குப் புரியவைத்தது சந்தையில் கீரை விற்கும் ஒரு பாட்டி. என் பாத்திகளில் எடையில் முதலாவதாக வந்த வகையைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய் அவரிடம் இலவசமாகவே கொடுத்தேன். விற்றுப் பார்க்கட்டும் என்று ஆசை. மறுவாரம் போனபோது, "கண்ணு, இதை இனிமே கொண்டாராதே" என்றார்.

"ஏன் பாட்டி, நல்லா தளதளன்னு இருக்குதே?"

"தண்டு தடிமன், எலை சொற்பம். ஒரு கட்டு வாங்குனா ஆய்ஞ்சு முடிக்கறப்போ ஒரு கை கூட நிக்கறதில்லைங்கறாங்க. கட்டு கண்ணுக்குப் பெருசு, சட்டிக்குச் சிறுசு."

நம் ஊரில் கீரையை யாரும் கிலோவில் வாங்குவதில்லை. கட்டு. வீட்டில் உட்கார்ந்து ஆயும்போதுதான் எவ்வளவு தேறும் என்று தெரியும். ஆராய்ச்சி வயலில் நாங்கள் வேரை வெட்டிவிட்டு மீதி முழுவதையும் தராசில் ஏற்றினோம். தண்டுக்கீரைப் பிரியர்கள் கோபிக்க வேண்டாம், முற்றாத தண்டைக் குழம்பில் போட்டுச் சப்பும் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் சத்து என்று வந்தால் தண்டு வேறு, இலை வேறு. இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் இலையில்தான் அதிகம். ஆக, மொத்த எடையில் முதலிடம் பிடிக்கும் செடி, சாப்பிடுகிறவருக்குச் சேரும் சத்தில் கடைசியாக வரலாம்.

அதற்கும் அடியில் தண்ணீர். கீரையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் தண்ணீர்தான். காலை ஆறு மணிக்கு அறுத்த பாத்தியும் பதினொரு மணிக்கு அறுத்த பாத்தியும் ஒரே வகையாக இருந்தாலும் எடை வேறு வேறு. ஒரே நாளில் எல்லாப் பாத்தியையும் அறுக்க ஆள் போதாமல், நான் பாதியைக் காலையிலும் பாதியை வெயில் ஏறிய பிறகும் அறுத்திருந்தேன். அந்த எண்களைத் தூக்கித்தான் போட வேண்டியிருந்தது. யூரியா கூடுதலாகப் போட்டால் இலை அகலும், எடை கூடும். கூடவே இலையில் நைட்ரேட்டும் சேரும். உலர்ந்த பொருளை மட்டும் எடை போட்டால் அந்தப் பிரமிப்பு பாதி இறங்கிவிடும்.

இதைப் பெரிய அளவில் பார்த்தவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் டேவிஸ். அமெரிக்க அரசின் உணவு அட்டவணைகளில் 1950-ஆம் ஆண்டு எண்ணையும் 1999-ஆம் ஆண்டு எண்ணையும் 43 தோட்டப்பயிர்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புரதம், சுண்ணாம்பு, பாஸ்பரஸ், இரும்பு, ரிபோஃபிளேவின், வைட்டமின் சி ஆறும் சராசரியில் குறைந்திருந்தன. அவர் 2004-இல் வெளியிட்ட கட்டுரை இதற்குச் சொன்ன முக்கியக் காரணம், விளைச்சலை மட்டும் பார்த்து ரகங்களை மாற்றிக்கொண்டே வந்தது. சாம்பாரில் விருந்தாளிக்கு ஏற்பத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. அரைநூற்றாண்டு இடைவெளியில் அளக்கும் முறையும் மாறியதே என்று அந்த ஒப்பீட்டைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. பதினாலாம் பாத்திக்காரனான எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது.

அப்படியானால் விளைச்சலும் சத்தும் எலியும் பூனையுமா? கீரையைப் பொறுத்தவரை அப்படி ஒரு விதி இல்லை. வங்கதேசத்தில் சிவப்புக் கீரை அன்றாட உணவு. அங்கே உமாகாந்த சர்க்கார் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் தண்டுக்கீரை வகைகளை அளந்து, தாதுச்சத்துக்கும் இலை விளைச்சலுக்கும் பெரிய பகை இல்லை, ஒன்றை இழக்காமல் மற்றதைத் தேடலாம் என்று எழுதினார்கள். ஆப்பிரிக்காவில் உலகக் காய்கறி மையம் தான்சானியாவின் அருஷாவில் இருந்துகொண்டு, அங்கே ம்சிச்சா என்று அழைக்கப்படும் இதே குடும்பத்துக் கீரையில் மதீரா 1, மதீரா 2 போன்ற ரகங்களைத் தேர்ந்தெடுத்தது. நம் கீரைக்கு அங்கே இருக்கும் மரியாதையைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

தேர்ந்தெடுத்தது என்று சொன்னேனே, இந்தப் பயிரில் அதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கலப்பு செய்வது பெரும் தொல்லை. ஒரு பூங்கொத்துக்குள்ளேயே ஆண்பூவும் பெண்பூவும் பொதிந்திருக்கும், குண்டூசித் தலைக்கும் சிறிதாக. ஆண்பூவை மட்டும் இடுக்கியால் எடுக்க உட்கார்ந்து கழுத்து வலி வாங்கியவன் நான். மகரந்தத்தைக் காற்று தூக்கிக்கொண்டு போகும். தன் மகரந்தமும் ஏற்கும், பக்கத்துச் செடியினுடையதும் ஏற்கும். அதனால்தான் விவசாயிக்குப் போகும் சான்று விதைக்கு 200 மீட்டர், அதைப் பெருக்க எடுக்கும் ஆதார விதைக்கு 400 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். வேலியோரம் தானாக முளைத்த முள்ளுக்கீரையும் குப்பைக்கீரையும் இதற்கு உறவுமுறை வேறு. அவற்றைப் பூக்குமுன் பிடுங்குவதே பாதி வேலை. நல்ல செடியைக் கண்டால் பூங்கொத்துக்கு மெல்லிய துணிப்பை மாட்டி, அதன் விதையை மட்டும் தனியே எடுத்து, அடுத்த பருவம் தனிப் பாத்தி. இப்படி நாலைந்து தலைமுறை.

எதை வைத்து நல்ல செடி என்பது? இன்று என்னைக் கேட்டால் முதலில் பூக்கும் நாளைப் பார்ப்பேன். பகல் பொழுது குறுகும் மாதங்களில் தண்டுக்கீரை அவசரப்பட்டுப் பூத்துவிடும். பூத்துவிட்டால் இலை சிறுத்து, தண்டு நார் ஏறி, கீரை போச்சு. எல்லாம் பூத்த பிறகும் பத்து நாள் பூக்காமல் இலை தள்ளிக்கொண்டே நிற்கிற செடி ஒன்று இருக்கும், அதுதான் தங்கம். அடுத்து ஆய்ந்த இலைக்கும் தண்டுக்கும் உள்ள விகிதம். இந்த இரண்டையும் சரிசெய்தாலே ஒரு கட்டிலிருந்து சட்டிக்குப் போகும் இரும்பு கூடிவிடும், சோதனைக்கூடத்தில் ஒரு பைசா செலவில்லாமல். தாதுவை அளப்பது அதற்கு அப்புறம். அதிலும் எந்த இலை என்று முடிவுகட்டிவிட்டு அளக்க வேண்டும். சுண்ணாம்புச்சத்து வேரிலிருந்து தண்ணீரோடு இலைக்கு ஏறும், ஏறியது பெரும்பாலும் திரும்பி இறங்காது. அதனால் முற்றிய இலையில் அதிகம், கொழுந்தில் குறைவு. ஒரு வகையில் அடி இலையும் இன்னொன்றில் நுனி இலையும் பறித்து ஒப்பிட்டால் அது வகையின் வித்தியாசம் ஆகாது, வயதின் வித்தியாசம்.

அந்தச் சுண்ணாம்பிலும் ஒரு வில்லன் உண்டு, ஆக்சலேட். தண்டுக்கீரையில் இது கணிசம். சுண்ணாம்பைப் பிடித்து, குடல் உறிஞ்ச முடியாத உப்பாக வைத்துக்கொள்ளும். ஆக, கால்சியம் கூடிய செடி என்று தேர்ந்தெடுத்தால், ஆக்சலேட்டும் கூடிய செடியைத் தேர்ந்தெடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. வேகவைத்த தண்ணீரை வடித்தால் கரையும் ஆக்சலேட் குறையும், கூடவே பொட்டாசியமும் கொஞ்சம் போகும். நம் வீடுகளில் வடிக்காமல் கடைவதுதான் வழக்கம். எனவே ஆக்சலேட் குறைந்த செடியைத் தேடுவது, கால்சியம் கூடியதைத் தேடுவதைவிடப் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

இரும்புக்கும் ஒரு நிதானம் வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது அதே ஹைதராபாத் நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. நூறு கிராம் தண்டுக்கீரையில் நாலு மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பாடுபட்டு அதை ஆறாக்கினாலும் கூடியது இரண்டு, அதிலும் உடல் எடுத்துக்கொள்வது நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு. கீரையில் எலுமிச்சை பிழிவதும், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் இருப்பதும், இரும்புச் சட்டியில் வதக்குவதும் என் பத்து சென்ட் ஆராய்ச்சியைவிட வேகமாக வேலை செய்யலாம். ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசி அத்தியாயத்தில் இதை எழுதினேன். வழிகாட்டி பேனாவை எடுத்தார், அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். எழுத்துப்பிழை ஒன்றை மட்டும் திருத்தினார்.

இப்போது கீரை என் தொழில் இல்லை, வாரம் ஒரு வகுப்பு எடுப்பதோடு சரி. ஆனால் மொட்டைமாடியில் பன்னிரண்டு பைகளில் அந்தக் காலத்து விதையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போன மார்கழியில் ஒரு செடி, மற்றதெல்லாம் கதிர் தள்ளிய பிறகும், கை அகல இலையோடு நின்றது. அதற்குச் சிவப்பு நூல் கட்டிவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தால் நூல் மட்டும் பையில் கிடந்தது.

"அம்மா, இங்க ஒரு செடி இருந்துச்சே?"

"ஆமா, அதுதான் நல்லா இருந்துச்சு. நேத்துக் கடைஞ்சுட்டேன். மத்ததெல்லாம் பூத்துப் போச்சு, விதைக்கு ஆகட்டும்னு விட்டுட்டேன்."

அம்மாவிடம் சண்டை போட முடியவில்லை. வீட்டுத் தோட்டங்களில் காலங்காலமாக நடப்பது இதுதானே? நன்றாக இருப்பது சட்டிக்குப் போகும், அவசரப்பட்டுப் பூத்தது விதைக்கு மிஞ்சும். நாலு வருடம் இப்படியே போனால் எந்த நல்ல கீரையும் இருபது நாளில் பூக்கிற கீரையாகிவிடும்.

இந்த முறை நூல் கட்டவில்லை. இரண்டு பைகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, மாடிக் கதவுக்கு எதிரே வைத்திருக்கிறேன். விதைத்து நாற்பத்தொரு நாளாகிறது, இன்னும் பூக்கவில்லை. தினமும் துணி உலர்த்த வரும்போது அம்மா அவற்றைப் பார்த்துவிட்டு, இந்த ரெண்டையும் எப்பத்தான் பறிக்கறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.